60-க்குப் பிறகும் லைசென்ஸ்: புதுப்பிப்பு, மருத்துவச் சான்று, ஓட்டுநர் தேர்வு – முழுமையான வழிகாட்டி

இந்த வயதுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்று இந்தியச் சட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 78 வயதில் கார் ஓட்டலாம், 85-லும் ஓட்டலாம். லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும், உடம்பு ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 60 ஆனால் மறுபடியும் எட்டு போட்டுக் காட்ட வேண்டும் என்பார் ஒருவர். 70-க்கு மேல் லைசென்ஸே தர மாட்டார்கள் என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. காலத்தோடு புதுப்பிக்கிறவருக்கு வயதைக் காரணம் காட்டி ஓட்டுநர் தேர்வு வைப்பதில்லை. ஒரு மருத்துவச் சான்று, ஓர் ஆன்லைன் விண்ணப்பம், சில நூறு ரூபாய். காலம் தவறினால்தான் சிக்கல்.

சொந்த வண்டி ஓட்டும் மூத்தவர்களுக்காகவும், அவர்களுக்கு கணினி முன் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுத் தரும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். அலுவலக நடைமுறை என்று வரும் இடங்களில் தமிழ்நாட்டை மனதில் வைத்திருக்கிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள்

லைசென்ஸ் அட்டையை எடுத்து, எதுவரை செல்லும் என்ற தேதியைப் பாருங்கள். ஆட்டோ, டாக்சி, லாரி போன்ற வாடகை வண்டிக்கான உரிமமும் சேர்ந்திருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு தேதி இருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். வாடகை வண்டி ஓட்டாதவர்கள் சொந்த வாகனத்துக்கான தேதியைப் பார்த்தால் போதும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு கணக்கு இப்படிப் போகிறது. 30 வயது நிறைவதற்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30-லிருந்து 50-க்குள் எடுத்தாலோ புதுப்பித்தாலோ 10 ஆண்டுகள். 50-லிருந்து 55-க்குள் என்றால் 60 வயது நிறையும் நாள் வரை. 55-க்கு மேல் எப்போது புதுப்பித்தாலும் 5 ஆண்டுகள். உதாரணமாக 52 வயதில் புதுப்பித்தவருக்கு அறுபதாம் பிறந்தநாளோடு லைசென்ஸ் முடிகிறது. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இது ஓய்வு பெறும் பரபரப்போடு சேர்ந்து வருவதால், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பென்ஷன் பேப்பர் எங்கே என்று தேடும் நேரத்தில் லைசென்ஸ் யாருக்கு ஞாபகம் வரும்? 49 வயதில் புதுப்பித்தவருக்கு 59 வரை செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறைதான்.

திருத்தத்துக்கு முன்பு, தேதி முடிந்தாலும் மேலும் 30 நாள் லைசென்ஸ் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. பழைய நினைப்பில் 'ஒரு மாதம் டைம் இருக்கு' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது தேதி முடிந்த மறுநாளே நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறீர்கள். அதற்கு அபராதம் 5,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அபராதத்தைவிடப் பெரிய தொல்லை இன்சூரன்ஸ். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் மறுக்க முடியும். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நீதிமன்ற உத்தரவுப்படி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உங்களிடமிருந்து வசூலிக்கவும் முடியும். சேமிப்பை வைத்து வாழும் வயதில் அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

தேதி முடிய ஒரு வருடம் இருக்கும்போதிலிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் ரொம்ப அவசரப்பட்டாலும் நஷ்டம்தான். புதிய காலம் புதுப்பித்த நாளிலிருந்து கணக்காகும், பழையதில் மிச்சமிருந்த மாதங்கள் போய்விடும். தேதிக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்னால் வேலையைத் தொடங்குவது சரியாக இருக்கும். டாக்டர், ஆதார் பிழை, தபால் தாமதம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது.

தேதி முடிந்து ஒரு வருடத்துக்குள் போனாலும் தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம், தாமதக் கட்டணம் சேரும். ஒரு வருடமும் தாண்டிவிட்டால் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

படிவம் 1ஏ: டாக்டர் எதைப் பார்க்க வேண்டும்

40 வயது தாண்டிய எவரும் லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று தர வேண்டும். அதற்குப் பெயர் படிவம் 1ஏ. வாடகை வண்டிக்கான உரிமம் என்றால் எந்த வயதிலும் இது வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தன் பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டு, உங்கள் புகைப்படத்தின் மேலும் படும்படி முத்திரை வைக்க வேண்டும்.

இந்தப் படிவத்துக்கு நடைமுறையில் நேர்ந்த கதி எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ் எதிரே இருக்கும் கடையில் பணம் கொடுத்தால், ஆளையே பார்க்காமல் கையெழுத்தோடு வந்துவிடும். புரோக்கர் 'நீங்க உட்காருங்க சார், நான் வாங்கிட்டு வரேன்' என்பார். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன், ஒழுக்கம் பேசுவதற்காக இல்லை. காலத்தோடு புதுப்பிக்கும் மூத்த ஓட்டுநரை நம் நாட்டில் ஒருவர் சோதித்துப் பார்க்கும் ஒரே இடம் இந்தப் படிவம்தான். இதையும் விலைக்கு வாங்கிவிட்டால் 55-லிருந்து 85 வரை யாருமே உங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படிவத்தில் இருக்கும் கேள்விகள் எளிமையானவை. பார்வையில் குறை இருக்கிறதா, இருந்தால் கண்ணாடியால் சரியாகியிருக்கிறதா? சிவப்பு, பச்சை நிறங்கள் பிரித்துத் தெரிகிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? சாதாரண ஹாரன் சத்தம் கேட்கிறதா? மாலைக்கண் இருக்கிறதா? ஓட்டுவதற்கு இடைஞ்சலாகக் கை, கால், மூட்டுகளில் குறை இருக்கிறதா? வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றி நீங்களே தரும் உறுதிமொழியும் உண்டு. நிறக்குருடு விஷயத்தில் 2020-இல் விதியைத் தளர்த்தினார்கள். லேசான, நடுத்தர அளவில் இருப்பவர்களுக்கு உரிமம் தரலாம், கடுமையாக இருந்தால் கிடையாது.

டாக்டரிடம் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். தெருவில் நிறுத்தியிருக்கும் காரிலிருந்து 35 எட்டு நடந்து போய்த் திரும்பி நில்லுங்கள். சாதாரண நடைக்கு அது சுமார் 25 மீட்டர் வரும். வண்டி ஓட்டும்போது போடும் அதே கண்ணாடியோடு நம்பரைப் படியுங்கள். முதலில் இரண்டு கண்ணாலும், பிறகு ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டும். ஒரு கண் மெல்ல மங்கிக்கொண்டே வருவது இன்னொரு கண் நன்றாக இருப்பதால் வருடக்கணக்கில் தெரியாமலே போய்விடும். கண்புரை அப்படித்தான் வரும்.

அதனால் என் யோசனை இது: படிவத்தை எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போவதற்கு முந்தின வாரம் கண் மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வாருங்கள். கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்ப்பது போதாது. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். கண் அழுத்த நோய் முதலில் ஓரப் பார்வையைத் தின்கிறது. நேரே இருக்கும் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரியும், இடது பக்கச் சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாது. ஆர்.டி.ஓ. படிவத்தின் 25 மீட்டர் கேள்வியில் இது மாட்டவே மாட்டாது. சொட்டு மருந்து விட்ட நாளில் பல மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை வருடா வருடம் செய்ய வேண்டியதுதான், லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

காதுக்குக் கருவி வைத்திருப்பவர்கள் அதை மாட்டிக்கொண்டே போகலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஒரு கண்ணில் பார்வை போனவர்களுக்கும் கதவு முழுக்க மூடவில்லை. அதற்கு முன் குறைந்தது ஐந்து ஆண்டுகள் உரிமம் வைத்திருந்து, மற்ற கண்ணால் 25 மீட்டரில் நம்பர் படிக்க முடிந்தால் தொடர வழி இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படிவம் கேட்காத விஷயங்கள்

உங்கள் மாத்திரைப் பட்டியலை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களாக எடுத்துக் காட்டுங்கள். கிளிமெபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், கவனம் சிதறும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் முன் இருக்கக் கூடாது. தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள், நரம்பு வலிக்கான மாத்திரைகள் மறுநாள் காலை வரை மந்தமாக வைத்திருக்கும். 'இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா டாக்டர்?' என்று அந்தந்த மாத்திரையைக் காட்டியே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

கழுத்து இன்னொன்று. உட்கார்ந்தபடி தோளுக்கு மேல் திரும்பிப் பின்பக்கக் கண்ணாடி வரை பார்க்க முடிகிறதா? முடியாவிட்டால் ரிவர்ஸ் எடுப்பதும், மெயின் ரோட்டில் சேர்வதும் யூகத்தில்தான் நடக்கும். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிப்பது சிரமமாகிவிட்டால், கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் காருக்கு மாறுவது உண்மையான உதவி. ஆனால் 40 வருடம் கிளட்ச் மிதித்தவருக்கு இடது கால் சும்மா இருப்பது முதலில் பழகாது, பிரேக்கைக் கிளட்ச் என்று நினைத்து அழுத்திவிடும். காலி மைதானத்தில் நன்றாகப் பழகிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள்.

நினைவாற்றலைப் பற்றி நம் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. ஜப்பானில் 75 வயது தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் சோதனை தர வேண்டும். குறிப்பிட்ட சில விதிமீறல்கள் செய்திருந்தால், 2022 மே முதல் ஓட்டியும் காட்ட வேண்டும். பிரிட்டன் வேறு வழியில் போகிறது: 70-க்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஓட்டும் தகுதி இருக்கிறது என்று தானே அறிவித்துப் புதுப்பித்தால் போதும். நம்மூரில் அந்த வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. தினம் போகும் மார்க்கெட் வழியில் தடுமாறுவது, பம்பரில் எப்படி வந்தது என்று தெரியாத புதுக் கீறல்கள், சிக்னல் மாறியதைப் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்த பிறகே கவனிப்பது, பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் கால் தவறுவது. இவற்றில் ஒன்று ஒரு தடவை என்றால் யாருக்கும் நடக்கும். திரும்பத் திரும்ப நடந்தால் லைசென்ஸ் தேதி எவ்வளவு தூரம் இருந்தாலும் நரம்பியல் மருத்துவரையோ முதியோர் மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 'உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சில நாள் கூடப் போய் வாருங்கள். பார்த்ததை வைத்துப் பேசுங்கள்: 'நேத்து அந்த ரவுண்டானாவில் பைக் வந்ததைப் பாத்தீங்களா?' அப்புறம் டாக்டர் சொன்னால் அப்பா கேட்பார், நாம் சொன்னால் கேட்க மாட்டார். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நிலவரம்.

விண்ணப்பம் போடும் முறை

மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஓட்டுநர் உரிமச் சேவைகளில் புதுப்பித்தலுக்குப் போங்கள். உரிம எண்ணும் பிறந்த தேதியும் கேட்கும். மூத்தவர்களுக்கு முதல் தடை இங்கேதான் வரும். எண் 15 இடம் கொண்டது: மாநில எழுத்து இரண்டு, அலுவலக எண் இரண்டு, ஆண்டு நான்கு, கடைசியில் ஏழு இலக்கம். பழைய அட்டையில் கடைசி எண் சிறியதாக இருந்தால் முன்னால் பூஜ்யம் சேர்த்து ஏழாக்கிப் பாருங்கள்.

அப்படியும் விவரம் வரவில்லை என்றால் உங்கள் லைசென்ஸ் கணினியில் ஏறவே இல்லை என்று அர்த்தம். கையால் எழுதிய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கே அசலோடு போய்ப் பதிவேற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். 1985-இல் திருநெல்வேலியில் எடுத்துவிட்டு இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருப்பவருக்கு இது ஒரு பயணம். அதனால்தான் கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது தடை ஆதார். நிறையப் பெரியவர்களின் ஆதாரில் பிறந்த தேதி தோராயமாக ஜனவரி 1 என்றிருக்கும், லைசென்ஸில் பள்ளிச் சான்றிதழ்த் தேதி இருக்கும். பெயரின் இனிஷியலும் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். ஆதார் வழியாக அடையாளம் உறுதிசெய்யும்போது இது இடிக்கும். முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள், அதோடு இணைந்த செல்போன் எண் இப்போதும் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. அங்கேதான் வரும்.

முகவரி மாறியிருந்தால் புதுப்பித்தலோடு முகவரி மாற்றத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் 2024 முதல் லைசென்ஸ் அட்டையை விரைவுத் தபாலில்தான் அனுப்புகிறார்கள். பழைய முகவரிக்குப் போனால் திரும்பிவிடும், பிறகு அலுவலகத்துக்கும் தபால் நிலையத்துக்கும் அலைய வேண்டும்.

படிவம் 1ஏ, பழைய லைசென்ஸ், முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்றிவிட்டுப் பணம் கட்டுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புதுப்பிப்புக் கட்டணம் 200 ரூபாய். அதன் மேல் அட்டைக்கும் சேவைக்குமான கட்டணம் சேரும், மொத்தத் தொகையைத் தளமே காட்டும். அதற்கு மேல் யாராவது கேட்டால் அது அவருக்கான கூலி. நேரில் வரச் சொன்னால் முன்பதிவு செய்த நாளில் அசல் ஆவணங்களோடு போங்கள். பழைய படத்தில் தலை கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கே புதிதாகப் படம் எடுப்பார்கள்.

அட்டை வரும்வரை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் போலீஸ் சோதனையில் அதைக் காட்டினால் போதும், சட்டப்படி செல்லும்.

ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு: ஓட்டிக் காட்டும் தேர்வு

இப்போது மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம் வாய்வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், முன்னால் ஓட்ட வேண்டும். தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் 300 ரூபாய், தாமதக் கட்டணம் தனி. எந்த வகைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அந்த வகை வண்டியைக் கொண்டுபோக வேண்டும். லைசென்ஸ் முடிந்துவிட்டதால் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வேறு யாராவது ஓட்டி வரட்டும்.

அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். 30 வருடம் ஓட்டியவருக்கு ஓட்டத் தெரியும், ஆனால் தேர்வுக்கு ஓட்டத் தெரியாது. சீட் பெல்ட் போடும் முன்னே இஞ்சினை ஸ்டார்ட் செய்வார், கண்ணாடியைத் தொடவே மாட்டார், இண்டிகேட்டர் போடாமல் கையை வெளியே நீட்டுவார், அரை கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டுவார். மத்திய விதிகளின் 15-ஆம் விதி தேர்வில் பார்க்க வேண்டியதைப் பட்டியலிடுகிறது: கண்ணாடிகளைச் சரிசெய்வது, கியர்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவது, மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவது, சந்திப்பில் திரும்புவது, சிக்னல் தருவது, அவசரத்தில் நிறுத்துவது, குறுகலான இடத்துக்குள் ரிவர்ஸில் நுழைப்பது. கடைசியும் மேடும்தான் கஷ்டம். டூ வீலருக்கு எட்டு, காலைத் தரையில் ஊன்றாமல். மெதுவாகப் போனால் சாயும், வேகமாகப் போனால் கோட்டைத் தாண்டும். பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல், அடுத்து வளைய வேண்டிய இடத்தில் வைத்தால் வண்டி தானாக வரும்.

கூச்சப்படாமல் ஒரு டிரைவிங் ஸ்கூலில் நான்கைந்து வகுப்பு எடுங்கள். பயிற்றுநர் உங்கள் மகனைவிடச் சின்னவராக இருப்பார், இருக்கட்டும். ஒரு தடவை தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும், பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

ஒன்றை விட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்

எல்லோரும் மறந்துபோகும் ஒரு வசதி: லைசென்ஸில் ஒரு வகை வாகனத்தை மட்டும் ஒப்படைக்கச் சாரதி தளத்திலேயே சேவை இருக்கிறது. சமநிலை குறையும்போது முதலில் ஆபத்தாவது இரு சக்கர வண்டி. டூ வீலரை விட்டுவிட்டுப் பகலில் மட்டும் காரை ஓட்டலாம். முழுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் புதுப்பிக்காமல் விட்டாலே போதும், சட்டப்படி வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு விதி இருக்கிறது. நோயாலோ குறைபாட்டாலோ ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் மருத்துவச் சான்று கேட்கலாம், உரிமத்தை ரத்தும் செய்யலாம். சட்டத்தின் 16-ஆம் பிரிவு அது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் சாவியைத் தர மறுக்கும் வீடுகளில், அந்த மருத்துவக் கடிதத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலரைப் போய்ப் பார்க்கலாம்.

அட்டை கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, வாகன வகைகள், முடியும் தேதி நான்கையும் அங்கேயே சரிபாருங்கள். கார் இருந்து டூ வீலர் விடுபட்டுப்போவது உண்டு. நீங்களாக ஒப்படைக்காமல் விடுபட்டிருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். அடுத்த தேதியை உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும், அதற்கு இரண்டு மாதம் முன்னால் மணி அடிக்கும்படி போட்டு வையுங்கள்.